கோரைப்பல் சாமிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் "நிசும்பசூதனி கோயிலுக்குப் போகணும்" என்றேன். விழித்தார். "வடபத்ரகாளி அம்மன்" என்றேன். யோசித்தார். "கீழவாசல் பக்கம், காளி கோயில்..." என்று நான் இழுத்ததும் முகம் தெளிந்தது.

"ராகுகாலக் காளின்னு சொல்லுங்க சார். ஏறுங்க."

முதல் பெயர் செப்பேட்டில் இருப்பது. கடைசிப் பெயர் ஊர் வாயில் இருப்பது. இரண்டுக்கும் நடுவே 1,000 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. 9-ஆம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சையைப் பிடித்த விஜயாலய சோழன், பிடித்த கையோடு நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். அவை அவன் வழிவந்த முதலாம் இராஜேந்திரன் காலத்தவை. சும்பன், நிசும்பன் என்ற அசுரச் சகோதரர்களை வதைத்த தேவி அவள். பெரிய கோயிலுக்கு அடித்தளம் போட இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. சோழர் தலைநகரத்தின் முதல் தெய்வமாக நமக்குத் தெரியவருகிறவள் இந்த உக்கிரக்காரிதான். தஞ்சையிலேயே உக்கிரகாளியம்மன் கோயில் ஒன்றும் உண்டு; செப்பேடு சொல்லும் நிசும்பசூதனி அவளே என்பவர்களும் இருக்கிறார்கள். நான் முதலில் போனது வடபத்ரகாளியிடம்.

ஞாயிறு காலை. ராகுகாலம் மாலை 4.30-க்குத்தான் என்பதால் கூட்டம் இல்லை. வாசலில் ஓர் அம்மாள் எலுமிச்சம்பழங்களை இரண்டாக நறுக்கிச் சாற்றைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்த மூடியை உள்வெளியாகப் புரட்டினார். வெள்ளைத் தோல் மேலே வந்து, சின்னக் கிண்ணம் போலக் குழிந்தது. குழியில் எண்ணெய் விட்டு ஒரு திரி போட்டால் விளக்கு.

"மத்தியானத்துக்கு மேல நிக்கக்கூட இடம் இருக்காது. அதான் இப்பவே புரட்டி வச்சுக்கறேன்" என்றார்.

இந்த அம்மனை அலங்காரம் இல்லாமல் எடுத்த படங்களை நூல்களில் பார்த்திருக்கிறேன். வற்றி ஒட்டிய உடம்பு. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். மார்புக் கச்சையாகப் பாம்பு, தோளில் மண்டையோட்டு மாலை, காலடியில் அசுரர். சோழச் சிற்பம் என்றதும் நம் நினைவுக்கு வரும் வழுவழுப்பும் வளைவும் எங்கேயும் கிடையாது. பசித்த பெண்ணின் உடம்பு அது.

உள்ளே நான் பார்த்தது வேறு. சிவப்புப் பட்டு விலாவை மறைத்திருந்தது. செவ்வரளி மாலை கழுத்தை மறைத்திருந்தது. மஞ்சளும் குங்குமமும் கன்னத்தின் பள்ளத்தை நிரப்பியிருந்தன. கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. சிற்பி எலும்பு தெரியச் செதுக்கியதை, பக்தர்கள் தலைமுறை தலைமுறையாக உடுத்தியும் பூசியும் ஊட்டியும் நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பசித்தவளைக் கண்டால் நம் ஊர்க்காரர்களுக்குச் செய்யத் தெரிந்தது அதுதானே.

குருக்கள் தீபாராதனை காட்டினார். என் பக்கத்தில் ஒரு தகப்பன் மூன்று வயதுப் பையனைத் தூக்கிக் காட்டினான். பையன் ஒரு நொடி பார்த்துவிட்டு அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அந்தப் பையனை எனக்குத் தெரியும். நானேதான் அவன். எங்கள் ஆச்சி ஊரில் பெரியாச்சிக்குச் சுதைச் சிலை உண்டு. மடியில் ஒருத்தியைக் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிற கோலம். காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் ஆண். உயரத் தூக்கிய ஒரு கையில் குழந்தை. வெளியே துருத்திய பற்களுக்கு ஆண்டுதோறும் புது வெள்ளை அடிப்பார்கள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் அந்தத் திருப்பத்தைத் தாண்டுவேன். ஆச்சியோ, வீட்டில் எந்தக் குழந்தை பிறந்தாலும் 30-ஆம் நாள் தூக்கிக்கொண்டு நேரே அவளிடம்தான் போவாள். பெரியாச்சி பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் காவல். கடல் தாண்டிப் போன தமிழர்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அவளைக் கூடவே கொண்டுபோனார்கள். 30-ஆம் நாள் வழக்கம் அங்கேயும் இருக்கிறது.

"ஏன் ஆச்சி இவ்வளவு பயங்கரமா இருக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "நம்மளப் பாத்தா பல்லக் காட்டுறா? நம்மள புடிக்க வர்றவனப் பாத்துல்ல காட்டுறா" என்றாள் ஆச்சி.

அன்று அது சமாதானப்படுத்தும் பேச்சாகவே பட்டது. அதை ஒரு நாள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்த ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருந்தேன்.

அரண்மனைக்குப் போகும் வழியில் பெரிய கோயில் கோபுரம் தெரிந்தது. அதன் சுவர்களில் முதலாம் இராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகளில் வரியில்லா நிலங்களின் பட்டியல் உண்டு. குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகும் வரிசையில் பிடாரி கோயில், ஐயன் கோயில், காடுகாள் கோயில், சேட்டையார் கோயில் என்றும் வருகின்றன. உலகம் வியக்கும் கற்றளியைக் கட்டிய அரசன், ஊருக்கு ஊர் இருந்த பிடாரிக்கும் காடுகாளுக்கும் இடம் விட்டுத்தான் நிலத்தை அளந்திருக்கிறான். ஊர் என்றால் தண்ணீர் வேண்டும், பிணம் எரிக்க இடம் வேண்டும், உக்கிரமான ஒருத்தியும் வேண்டும் என்பது அன்றைய கணக்கு.

அரண்மனை வளாகத்துக் கலைக்கூடம் 1951-இல் தொடங்கியது. தாராசுரம் கோயிலின் சிற்பங்கள் சில இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. நான் தேடிப்போனது அவற்றில் ஒன்று: யானை உரித்த பெருமான், கஜசம்ஹாரமூர்த்தி. 12-ஆம் நூற்றாண்டுக் கல்.

அதைத் தேடிப் போகும் வழியில் திருவெண்காட்டுச் செப்புத்திருமேனிகள் நிறுத்திவிடும். எல்லாரையும் போல நானும் ரிஷபவாகனர் முன் நின்றேன். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். காளை மேல் கையூன்றிச் சாய்ந்த நிலை. காளை இப்போது இல்லை, சாய்வு மட்டும் இருக்கிறது. அடுத்து 1048-ஆம் ஆண்டின் பிட்சாடனர். ஆடையில்லாத இளைஞன், துள்ளும் மான், பிச்சைப் பாத்திரம். பார்த்தவர்கள் மயங்காமல் என்ன செய்வார்கள்? தாருகாவனத்து ரிஷிபத்தினிகள் மயங்கினார்கள் என்பதுதானே கதையும். அதே திருவெண்காட்டிலிருந்து வந்த பைரவரும் இந்தக் கூடத்தில் இருக்கிறார். கோரைப்பல், உருண்ட விழி, சுடர் போல எழும் முடி. சாந்தமும் உக்கிரமும் ஒரே ஊர்க்கோயிலில் அடுத்தடுத்துப் பூசை வாங்கியிருக்கின்றன.

தாருகாவனக் கதை பிட்சாடனரோடு முடிவதில்லை. மனைவியர் மயங்கியதில் ஆத்திரப்பட்ட ரிஷிகள் வேள்வி செய்து புலியை ஏவினார்கள், பாம்பை ஏவினார்கள், கடைசியில் யானையை ஏவினார்கள். அந்த யானையின் உடலுக்குள் புகுந்து, அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, தோலை மேலே போர்த்திக்கொண்ட கோலம்தான் கஜசம்ஹாரம். அட்டவீரட்டத் தலங்களில் ஒன்றான வழுவூர் இதற்கு உரிய ஊர். முன் அறையில் பார்த்த பிச்சைக்கார அழகனும் இந்தக் கல்லில் இருப்பவனும் ஒருவனே. கதையில் இரண்டு காட்சி தள்ளி நிற்கிறான், அவ்வளவுதான்.

கல்லின் முன் நின்றேன். ஒரு கால் யானைத் தலையை மிதித்திருக்கிறது. உடம்பு ஒரு முறுக்கு முறுக்கி எழுகிறது. ஈரத் துணியைப் பிழிவது போன்ற முறுக்கு. கைகள் விரிகின்றன, அவற்றோடு யானைத்தோலும் விரிந்து, உருவத்தைச் சுற்றித் திருவாசி போல வளைந்து நிற்கிறது. இதே வடிவத்தைப் பல கோயில்களில் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கண் சிவனிடம் போய் அங்கேயே நிற்கும். இங்கே நிற்கவில்லை. தோலின் வளைவைப் பிடித்துக்கொண்டே கீழிறங்கி ஓரத்துக்குப் போனது. அங்கே உமை.

குழந்தை முருகனை அணைத்தபடி பின்வாங்குகிறாள்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். உலகுக்கே தாய் என்கிறோம். நிசும்பனைக் கொன்றவளும் அவளே என்கிறோம். ஆனால் இந்தத் தாராசுரத்துச் சிற்பி, தன் புருஷன் இரத்தம் சொட்டும் தோலோடு வெளியே வருவதைக் கண்டு குழந்தையை இறுக்கிக்கொள்ளும் ஒரு பெண்டாட்டியாக அவளைச் செதுக்கியிருக்கிறான். தெருவில் மாடு முட்ட வந்தால் நம் வீட்டுப் பெண்கள் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு ஒதுங்குவார்களே, அந்த அசைவு.

இதைச் செதுக்கியவன் பயத்தை நன்றாக அறிந்தவன். பார்க்க வருகிறவன் பயப்படுவான் என்று அவனுக்குத் தெரியும். அதனால் நமக்கு முன்பே பயப்பட ஒருத்தியைக் கல்லுக்குள் வைத்துவிட்டான். அவள் பயத்தைப் பார்த்ததும் நம் பயம் சற்று விலகி நிற்கிறது. அடுத்த நொடியே ஒன்று உறைக்கிறது: அவளுக்கும் அந்தக் குழந்தைக்கும் இந்த மூர்த்தியால் ஒரு கெடுதலும் வரப்போவதில்லை. அவர்கள் அவன் வீட்டு மனிதர்கள்.

ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்தது. வழிகாட்டி "கஜசம்ஹாரா, ட்வெல்த் சென்சுரி" என்றார். கைப்பேசிகள் உயர்ந்தன. யாரும் கும்பிடவில்லை. இங்கே பட்டு கிடையாது, எலுமிச்சை கிடையாது, சந்தனக்காப்பு கிடையாது. சிற்பி என்ன செய்தான் என்பதை முழுதாகப் பார்க்க முடிகிறது. கோயிலில் பார்க்க முடியாதது இது. இங்கே இல்லாதது என்ன என்பதற்கு மாலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தஞ்சையிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர். நடுவே சுவாமிமலையில் இறங்கிக்கொண்டேன். செப்புத்திருமேனி வார்க்கும் ஸ்தபதிகளின் ஊர். ஞாயிறானாலும் ஒரு பட்டறையில் அரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. உள்ளே போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஸ்தபதி ஒருவர் தரையில் சம்மணமிட்டு, ஒரு சாண் உயர மெழுகுக் காளியின் முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த மெழுகு அது. முதலில் இதில் முழு உருவமும் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். உள்ளே உருவான வெற்றிடத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சாமி வெளியே வரும். அச்சு உடைந்துவிடுவதால் ஓர் அச்சுக்கு ஒரே சாமி. அதன் பிறகு உளியும் அரமுமாகச் செதுக்கும் வேலை நாள்கணக்கில் போகும்.

"உக்கிர மூர்த்தி செய்யறது கஷ்டமா, சாந்த மூர்த்தியா?" என்று கேட்டேன்.

"ரெண்டுமே கஷ்டம்தான். ஆனா எல்லாரும் நெனக்கிற எடத்துல இல்ல கஷ்டம்" என்றார். "பல்லு வைக்க அஞ்சு நிமிஷம் போதும். பாருங்க." சிறு கம்பியின் நுனியில் துளி மெழுகை எடுத்து, காளியின் கடைவாயில் ஒற்றி, நகத்தால் கூராக்கினார். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. "கண்ணுலதான் நாள் போகும். புருவம் ஏறணும், முழி உருளணும். கொஞ்சம் குறைஞ்சா தூங்கி எழுந்தவ மாதிரி இருப்பா. கொஞ்சம் கூடிப்போனா கோமாளி ஆயிடும். ஜனம் சிரிச்சிடும்."

கம்பியைச் சூடுபடுத்திப் புருவத்தின் கீழே ஒரு கோடு இழுத்தார். மயிரிழைதான். பொம்மையாக இருந்த முகம் சட்டென்று என்னைப் பார்த்தது. பேச்சை நிறுத்திவிட்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"வீட்டுல வச்சு கும்பிட உக்கிரமா கேட்டு வருவாங்களா?"

"இப்ப நெறைய பேர் கேக்குறாங்க. பிரத்தியங்கிராவ போன்ல போட்டோ காட்டிக் கேக்குறாங்க. எங்க அப்பா காலத்துல வீட்டுக்குன்னு யாரும் கேக்கமாட்டாங்க. உக்கிரம்னா கோயிலு, ஊர் எல்லை. அதுக்குன்னு ஒரு தூரம் இருந்துச்சு. தூரத்துல இருந்தாத்தான காவலு? நடுவீட்டுல காவக்காரன உக்கார வச்சா அவன் யாரப் பாப்பான்?"

ஆச்சி சொன்னதையே இவர் வேறு வாயால் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

தாராசுரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. ஐராவதேசுவரர் சந்நிதி நடை சாத்தியிருந்தது. வெளியே புல்வெளியில் காதல் ஜோடிகளும் கல்லூரிப் பிள்ளைகளும். இரண்டாம் இராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில்; 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. குதிரையும் சக்கரமும் பூட்டிய தேர் மண்டபத்தைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரியவேண்டியதில்லை. காலையில் பார்த்த யானை உரித்தவர் இங்கிருந்து போனவர்தான் என்ற நினைப்போடு பிராகாரத்தைச் சுற்றினேன். சிவனின் உக்கிர வடிவமான சரபருக்கும் இங்கே இடம் உண்டு. மாலையில் பார்க்கப் போகிறவரின் முன்னோடி.

இதே அரசன் காலத்தில்தான் ஒட்டக்கூத்தர் தக்கயாகப்பரணி பாடினார். தக்கன் வேள்வியை வீரபத்திரர் அழித்த கதை. தாராசுரத்தில் வீரபத்திரர் கோயில் ஒன்றும் இருக்கிறது. ஒட்டக்கூத்தர் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வது ஊர் வழக்கம். அவருக்கு முன்னால், முதலாம் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடியிருந்தார். பரணியைப் படித்தவர்களுக்குத் தெரியும்: காளியின் கோயிலைப் படிக்கும்போது முதுகு சிலிர்க்கும். பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்து, பரிமாறி, சண்டை போட்டுக்கொள்ளும் இடத்துக்கு வந்தால் சிரிப்பு வந்துவிடும். பயத்துக்கும் சிரிப்புக்கும் நடுவே மயிரிழைதான் என்று சுவாமிமலை ஸ்தபதி சொன்னாரே, அந்த மயிரிழை மேல் பரணிப் புலவர்கள் வேண்டுமென்றே நடந்தார்கள். தப்பினால் கோமாளி ஆகும் என்று கைவினைஞர் அஞ்சுகிற இடத்தைப் புலவர்கள் விருந்துக் கூடமாக்கிக்கொண்டார்கள். தமிழர்கள் உக்கிர தெய்வத்தைக் கண்டு நடுங்கி மட்டும் நின்றவர்கள் அல்லர். அவளோடு உட்கார்ந்து கூழ் குடித்தவர்கள்.

மூன்றரை மணிக்குக் கும்பகோணம் வந்து, மயிலாடுதுறை சாலையில் திருபுவனம் போனேன். பட்டு நெசவுக்குப் பெயர்போன ஊர். நெடுஞ்சாலையை ஒட்டியே கோயில். 1178 முதல் 1218 வரை ஆண்ட மூன்றாம் குலோத்துங்கன் கட்டியது. திரிபுவன வீரன் என்ற அவன் பட்டப்பெயரே ஊர்ப்பெயரானது. தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் என்ற வரிசையில் நான்காவது பெரிய விமானம். சோழர் கட்டிய கடைசிப் பெருங்கோயில் இதுவே என்று சொல்வதுண்டு.

சுவாமிக்குக் கம்பகரேசுவரர் என்று பெயர். கம்பம் என்றால் நடுக்கம். தமிழில் நடுக்கம் தீர்த்த பெருமான். பிரம்மஹத்தி தோஷத்தால் நடுங்கிக்கொண்டு வந்த வரகுண பாண்டியனுக்கு இங்கே நடுக்கம் தீர்ந்தது என்கிறது தலபுராணம். பெயரைப் பல தடவை படித்திருக்கிறேன். காலையிலிருந்து கோரைப்பற்களாகப் பார்த்துவிட்டு வந்து வாசலில் அந்தப் பெயரைப் படித்தபோதுதான் அது சுரீரென்று தைத்தது. நடுக்கம் தீர்க்கிறவர் வீட்டில்தான், தமிழ்நாட்டிலேயே ஆகப் பயங்கரமான உருவங்களில் ஒன்று குடியிருக்கிறது.

சரபேசுவரர் சந்நிதி தனியாக இருக்கிறது. இரணியனைக் கொன்ற பிறகும் கோபம் தணியாத நரசிம்மரை அடக்க, பறவையும் சிங்கமும் மனிதனும் கலந்த வடிவில் சிவன் வந்தார் என்பது சைவர் சொல்லும் கதை. சிங்க முகம், விரிந்த சிறகுகள், பிடியில் நரசிம்மர். இரண்டு சிறகுகளும் பிரத்தியங்கிரா, சூலினி என்ற இரண்டு சக்திகள் என்பது ஐதிகம். வைணவர்கள் இந்தக் கதையை ஏற்பதில்லை. சரபத்தையும் அடக்கிய கண்டபேரண்டம் அவர்கள் பக்கத்துப் பதில். பிற்காலச் சோழர் காலத்துச் சமயப் போட்டியின் தழும்பு இந்த உருவத்தில் இருக்கிறது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் இன்றைக்கு வரிசையில் நின்றவர்களில் நெற்றியில் நாமம் தரித்த ஒரு பெரியவரும் இருந்தார். அவரிடம் போட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை.

4.30. ராகுகாலம் பிறந்தது. தூணை ஒட்டி உட்கார இடம் கிடைத்தது. என் பக்கத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"எத்தனாவது வாரம்?" என்றார் என்னிடம், சகஜமாக.

"சும்மா பாக்க வந்தேன். நீங்க?"

"ஏழாவது ஞாயிறு. பதினோரு வாரம் வர்றதா வேண்டிக்கிட்டேன்." சற்று நிறுத்தி, "நிலத் தகராறு. எதிராளி பெரிய எடம். ராத்திரி தூக்கம் இல்ல. மோட்டார் பைக் சத்தம் கேட்டா ஒடம்பு தூக்கிப் போடும்" என்றார்.

"இங்க வந்ததுல?"

"கேஸ் அப்படியேதான் இருக்கு." சிரித்தார். "தூக்கம் வருது."

முன்னால் ஒரு பெண் கண்ணீர் வழிய நின்றார். கல்லூரிப் பையன் ஒருவன் தேர்வு நுழைவுச் சீட்டின் நகலைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தான். கடன்காரனுக்குப் பயந்தவர்கள், டாக்டர் சொன்ன வார்த்தைக்குப் பயந்தவர்கள், பில்லி சூனியத்துக்குப் பயந்தவர்கள். ஊரில் உள்ள அத்தனை பயமும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. ஆனால் பயந்த முகம் ஒன்றுகூட அந்தச் சிங்க முகத்தைக் கண்டு பயந்ததாக இல்லை. திரை விலகி ஆரத்தி எழுந்ததும் எல்லாரும் இன்னும் ஓர் அடி முன்னால் நெருங்கினார்கள். தாராசுரத்துக் கல்லில் உமை பின்வாங்குகிறாள். இங்கே ஜனங்கள் முன்னால் போகிறார்கள். அருங்காட்சியகத்தில் நான் காணாமல் விட்டது இந்த ஓர் அடிதான்.

எல்லாமே இப்படி நல்லபடியாக இருக்கிறது என்று எழுதினால் பொய்யாகும். பயம் இருக்கும் இடத்தில் வியாபாரமும் இருக்கும். கோயிலுக்கு வெளியே ஒருவர் என் கைரேகையைப் பார்க்காமலே எனக்குச் செய்வினை இருப்பதாகச் சொல்லி, பரிகாரத்துக்கு ஒரு தொகையும் சொன்னார். நேர்த்திக்கடன் தவறினால் சாமி குத்தம் என்று பிள்ளைகளை மிரட்டி வளர்க்கிற வீடுகளும் உண்டு. கோரைப்பல்லை நம் பக்கம் திருப்பிவிடுகிறவர்கள் இவர்கள். சாமியை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. எலும்பு தெரியும் காளிக்குப் பட்டு உடுத்திய பரம்பரைக்கும் இந்த மிரட்டலுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஆறு மணிக்குக் கூட்டம் கலைந்தது. ஏழாவது ஞாயிற்றுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வர்றேங்க" என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். சந்நிதிக்கு நேர் எதிரே, சிறகு விரித்த சிங்க முகத்தின் பார்வை நேராக விழுகிற இடத்தில், ஒரு பெண் முந்தானையை விரித்துக் கைக்குழந்தையைக் கிடத்தியிருந்தாள். குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

திருபுவனத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராகுகால பூசை ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை. அன்று காலையிலேயே கிளம்பி, தஞ்சைக் கலைக்கூடத்தில் அந்த யானை உரித்தவரை முதலில் பார்த்துவிடுங்கள். அவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், ஓரத்தில் குழந்தையோடு ஒதுங்கும் உமையையும் பாருங்கள். கூடவே சின்னப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் பயந்து முகத்தைத் திருப்பினால், "சாமி கண்ணைக் குத்திடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பல் யாரைப் பார்த்துக் காட்டப்படுகிறது என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.